பாப்பாவுக்கு, ஏப்ரல் 15 வரைக்கும்

காசிமேடு,
மார்ச் 20

அன்புள்ள பாப்பாவுக்கு,

நேத்து போன்ல "நல்லாத்தான்மா இருக்கேன்"னு சொன்னியே, அந்தக் குரல் எனக்குத் தெரியாதா? விடியகாலை 3 மணிக்கு நான் மீன் ஏலத்துக்குக் கிளம்பறப்ப வாட்ஸ்அப்பைத் திறந்தா நீ ஆன்லைன்ல இருக்க. போன்ல கேட்டா பேச்சை மாத்திடுவ. அதான் உட்கார்ந்து எழுதுறேன். சாப்பிட்டுட்டு நிதானமாப் படி.

முதல்ல, அமெரிக்காவுல பிஎச்டிக்கு விண்ணப்பிச்சுட்டு பதில் மெயிலுக்காக நீ முழிக்கிற அந்த ராத்திரி முழிப்பு. பாஸ்டன்ல இப்ப சாயந்தரம் 4 மணின்னா நமக்கு நடுராத்திரி 1:30. சான் டியாகோவுல 4 மணின்னா இங்க விடியகாலை 4:30. அவங்க ஆபீஸ் மூடற நேரத்துக்கு மெயிலைத் தட்டிவிட்டுட்டு வீட்டுக்குப் போயிடறாங்க, நீ ஹைதராபாத்துல தூக்கத்தைக் கெடுத்துக்கிட்டுக் கிடக்க. ராத்திரி வந்த மெயிலைக் காலையில 7 மணிக்குப் படிச்சா அதுல ஒரு எழுத்தும் மாறப்போறதில்ல. போனை ஹால்லயே சார்ஜ் போட்டுட்டுப் படு. காலையில பல் விளக்கி, காபி குடிச்சுட்டு ஒருதரம் பாரு. சாயந்தரம் மனசு கேக்கலைன்னா யுனிவர்சிட்டி போர்ட்டல்ல ஒருதரம். அதுக்கு மேல வேணாம்.

அம்மாவுக்கு என்ன, சொல்லிட்டுப் போயிடும்னு நினைக்காத. காத்திருந்தே பழகின உடம்பு இது. உங்கப்பா கடல்லயே தங்கி மீன் பிடிக்கத் தங்கலுக்குப் போனா 10 நாள், சில சமயம் 15 நாள்கூட ஆயிடும். கரையை விட்டுக் கொஞ்ச தூரம் போனதுமே டவர் போயிடும். கல்யாணமான புதுசுல ஹார்பர்ல போய் நின்னுக்கிட்டு உள்ள வர்ற போட்டு ஒவ்வொண்ணையும் பாத்துக்கிட்டே இருப்பேன். சோறு இறங்காது. உங்க ஆயா ஒண்ணும் பேசல, ஒருநாள் ஒரு கூடை நெத்திலியைக் கொண்டுவந்து என் முன்னாடி வச்சு, "காயப்போடு"ன்னுச்சு. நெத்திலி லேசுப்பட்ட வேலை இல்ல. உப்புத் தண்ணியில அலசி, வலை மேல ஒண்ணோட ஒண்ணு ஒட்டாம பரப்பணும். உச்சி வெயில் வர்றதுக்குள்ள புரட்டிப் போடணும், இல்லன்னா அடிப்பக்கம் ஈரம் நின்னு வாடை மாறிடும். காக்கா ஒரு பக்கம், பூனை ஒரு பக்கம். பனி இறங்கறதுக்குள்ள அள்ளி வச்சாகணும். கவலை அதனால போச்சான்னா, போகல. ஆனா பொழுது சாயறப்ப ஒரு கூடை கருவாடு கையில இருக்கும், உடம்பு அசந்து தூக்கம் வரும். போட்டு எப்ப வரும்னு ஓனர் வீட்டுல சாயந்தரம் ஒருதரம் கேட்டுப்பேன், அதோட சரி.

நீயும் அப்படி ஒண்ணைப் பிடிச்சுக்கோ. ஆரம்பிச்ச அன்னைக்கே முடியற வேலையா இருக்கணும். உன் ப்ராஜெக்ட் மாசக்கணக்கா இழுக்கிற சமாச்சாரம், அது இதுக்கு ஆகாது. உன் ரூம் பொண்ணு ஏதோ எக்சாமுக்குப் படிக்குதுன்னியே, அதுக்கு தினம் ஒரு மணி நேரம் கணக்கு சொல்லிக்கொடு. இல்ல, தினம் ஒரு குழம்பு வை. எதுவானாலும் சரி.

இன்னொண்ணு. கோவிச்சுக்காத, உன் காலேஜ் மேடம்கிட்ட நான் பேசினேன். மார்ச் முடியப்போகுது, இன்னும் பதில் வரலைன்னா என்ன அர்த்தம்னு கேட்டேன். அவங்க பொறுமையா விளக்கினாங்க. பிஎச்டின்னா ஒரு பிள்ளையை அஞ்சு வருஷம் போல சம்பளம் கொடுத்து வச்சுக்கணும். அதனால பிள்ளை கெட்டிக்காரியான்னு பாக்கிறதோட முடியாது. அந்த ப்ரொபசர்கிட்ட இந்த வருஷம் ஆராய்ச்சிப் பணம் இருக்கா, ஏற்கனவே அவருகிட்ட எத்தனை பேர் இருக்காங்கன்னு அதெல்லாம் சேர்ந்துதான் முடிவாகுது. இதுல உன் கையில எது இருக்கு சொல்லு? டிசம்பர்லயே நீ செய்ய வேண்டியதைச் செஞ்சுட்ட.

முதல்ல கொஞ்சம் பேருக்கு இடம் தருவாங்களாம். உதவித்தொகையோட இடம் கிடைச்ச பிள்ளைங்களை ஏப்ரல் 15க்கு முன்னாடி பதில் சொல்லுன்னு நெருக்கக் கூடாதுன்னு அங்க நிறைய யுனிவர்சிட்டி சேர்ந்து ஒத்துக்கிட்டிருக்காங்க. நாலு இடம் கிடைச்ச பிள்ளை மூணை வேணாம்னு சொன்னாத்தான் வெயிட்டிங் லிஸ்ட் நகரும். அது பெரும்பாலும் கடைசி வாரத்துலதான். அதனால சத்தமே இல்லாம இருக்கிற இடத்தை இப்பவே இல்லைன்னு எழுதிடாத. கிடைச்சுடும்னும் நான் சொல்லல. மாசக் கடைசியில ஆபீசுக்கு மரியாதையா ஒரே ஒரு மெயில் போட்டுக் கேளு, தப்பில்லைன்னு மேடம் சொன்னாங்க. திரும்பத் திரும்பப் போடாத.

ஏப்ரல் 15ன்னதும் எனக்கு நம்ம தெருதான் ஞாபகம் வந்துச்சு. அன்னைக்குத்தானே மீன்பிடித் தடைக்காலம் ஆரம்பிக்குது, ஜூன் 14 வரைக்கும் 61 நாள். இந்த வருஷம் ரெண்டையும் ஒரே காலண்டர்ல வட்டம் போட்டு வச்சிருக்கேன்.

வந்த ரெண்டு மறுப்பையும் எனக்குத் தமிழ்ல சொன்னியே, "தகுதியானவங்க நிறைய பேர் விண்ணப்பிச்சிருந்தாங்க"ன்னு. அந்த லெட்டர்ல உன் பேரைத் தவிர உன்னைப் பத்தி ஒண்ணுமே இல்ல. எல்லாருக்கும் போற அதே வாசகம். அதைப் படிச்சுட்டு "எனக்குத் தகுதியில்லபோல"ன்னு நீ சொன்னது எனக்குப் பொறுக்கல. பத்தாவது படிக்கறப்ப அப்பாவுக்கு இன்காய்ஸ்ங்கிற கடல் தகவல் மையத்துலேருந்து மீன் எங்க கிடைக்கும்னு தகவல் வந்துச்சே, ஞாபகம் இருக்கா? ஹைதராபாத்துல உட்கார்ந்துக்கிட்டு நம்ம கடல்ல மீன் இருக்கிறது இவங்களுக்கு எப்படித் தெரியும்னு நீ அப்பாவைப் பிடுங்கி எடுத்த. அவருக்குத் தெரியல. நீயே தேடிப் படிச்சு, சாட்டிலைட் கடலோட சூட்டையும் பச்சையத்தையும் பாக்குது, அதை வச்சுத்தான் சொல்றாங்கன்னு எங்க மூணு பேருக்கும் பாடம் நடத்தின. அந்தப் புள்ளைதான் நீ. எந்த ஆபீஸ் மெயிலும் அதை எடுத்துக்க முடியாது.

பணத்தைப் பத்தியும் சொல்லிடறேன். பிஎச்டி கிடைக்கலையேங்கிற பயத்துல, காசு கட்டிப் படிக்கிற எம்.எஸ். சீட்டுக்கு அவசரமா டெபாசிட் கட்டிடாத. படிப்புக் கடன் 7.5 லட்சத்துக்கு மேல போனா பெரும்பாலும் பேங்க்ல அடமானம் கேப்பாங்க. இருக்கிறது ஆயா பேர்ல உள்ள இந்த வீடு ஒண்ணுதான். போகவே கூடாதுன்னு சொல்லல, பகல்ல எல்லாரும் உட்கார்ந்து யோசிச்சுச் செய்யலாம். இன்ஜினியரிங் மேல்படிப்புக்கு நீ எழுதின கேட் பரீட்சை மார்க் 3 வருஷத்துக்குச் செல்லும். ஐஐடி மெட்ராஸ்ல கடல் பொறியியல் துறை இருக்கு, பள்ளிக்கரணையில தேசிய கடல் தொழில்நுட்ப நிறுவனம் என்ஐஓடி இருக்கு. அங்க இருக்கிறவங்களும் இதே கடலைத்தான் படிக்கிறாங்க. அதைக் குறைச்சலா நினைக்காத.

தெருவுல கேக்கறவங்களை நான் பாத்துக்கிறேன். எம்.சி. ரோட்டுல துணி எடுக்கப் போனப்பகூட ஒரு அக்கா, "பொண்ணு எப்ப அமெரிக்கா போகுது?"ன்னு கேட்டாங்க. "தெரிஞ்சதும் நானே வீடு தேடி வந்து சொல்றேன்"னுட்டேன். அந்த பாரம் உனக்கு வேணாம். உன்னோட படிச்ச பையனுக்குக் கிடைச்சதுல உனக்குக் கொஞ்சம் வலிக்குதுன்னா அதுவும் பரவாயில்ல, ஆனா அவனுக்கு ஒரு வாழ்த்து அனுப்பிடு.

ஏப்ரல் 14 புத்தாண்டுக்கு நீ இங்க இருக்கணும். சார்மினார் எக்ஸ்பிரஸ்ல இப்பவே டிக்கெட் போடு, கூட்டம் ஜாஸ்தியா இருக்கும். 15ஆம் தேதி மெயில் வந்தாலும் வராட்டியும் நீ ஹைதராபாத் ரூம்ல தனியா உட்கார்ந்து பாக்க வேணாம். அப்பாவும் அதுக்குள்ள கரைக்கு வந்துடுவாரு, தடைக்காலம் முடியற வரைக்கும் வீட்டுலதான். தடை ஆரம்பிச்சா மீன் விலை ஏறிடும், உனக்கு வஞ்சிரமா சங்கராவான்னு ஆயா கேக்குது, முன்னாடியே சொல்லிடு. டிக்கெட் போட்டதும் கோச் நம்பரை அனுப்பு, அப்பா ஸ்டேஷனுக்கு வந்துடுவாரு.

அன்புடன்,
அம்மா