கவுட் இல்ல, சூடோகவுட்னு கண்டுபிடிச்சுக் கொடுத்தவங்களுக்கு நன்றி

எல்லாருக்கும் வணக்கம். முந்தாநேத்து அம்மா யார் கையையும் பிடிக்காம மாடிப்படி ஏறி எறங்கிட்டாங்க, அதப் பாத்ததும் இந்த மடல இனிமே தள்ளிப்போடக் கூடாதுன்னு உக்காந்துட்டேன்.

அம்மாவுக்கு 71 வயசு. ஒன்றரை வருஷமா வலது முட்டி திடீர் திடீர்னு வீங்கும், தொட்டா கொதிக்கும், போர்வை பட்டாக்கூட துடிச்சிடுவாங்க. மொத தடவை ரத்தத்துல யூரிக் ஆசிட் 7.4 இருந்துச்சு, அத வெச்சே கவுட்னு, அதாவது யூரிக் ஆசிட் மூட்டுல படிகமா சேந்து வீங்க வைக்கிற வாதம்னு, முடிவாயிடுச்சு. யூரிக் ஆசிட்ட கொறைக்கிற அலோபியூரினால் மாத்திரை, கூடவே கடுமையான பத்தியம். அளவு 5.6க்கு எறங்கியும் வீக்கம் நிக்கல, நாங்க என்னடான்னா அம்மா எங்களுக்குத் தெரியாம எதையோ சாப்பிடுறாங்கன்னு அவங்களையே திட்டிக்கிட்டு இருந்தோம். அந்த வார்த்தைகள நெனச்சா இப்பவும் தொண்டை அடைக்குது.

மூட்டு டாக்டர் மேடம், உங்களுக்குத்தான் மொத நன்றி. பழைய ரிப்போர்ட்ட ஓரமா வெச்சுட்டு முட்டியிலேர்ந்து ஊசி வழியா நீர எடுத்தீங்க. யூரிக் ஆசிட் ஏறியிருக்கிற நெறைய பேருக்கு கவுட் வர்றதே இல்ல, கவுட் வலி உச்சத்துல இருக்கும்போதே ரத்தத்துல அளவு நார்மலா காட்டவும் செய்யும், அதனால மூட்டுக்குள்ள என்ன இருக்குன்னு பாத்தாதான் தெரியும்னு பொறுமையா சொன்னீங்க. கவுட் பெரும்பாலும் கால் பெருவிரல்ல ஆரம்பிக்கும், அதே மாதிரி வலிச்சாலும் வேற படிகத்தால வர்ற சூடோகவுட் முட்டியையும் மணிக்கட்டையும்தான் அதிகமா பிடிக்கும்னு நீங்க சொன்னப்பதான் அம்மாவோட பெருவிரலுக்கு ஒரு நாளும் ஒண்ணும் ஆனதில்லங்கிறதே எங்களுக்கு உறைச்சுது.

லேப்ல உக்காந்து அந்த நீரப் பாத்த அண்ணா, உங்க பேர் கூட கேக்காம வந்துட்டேன், மன்னிச்சிடுங்க. கவுட்னா யூரேட் படிகம், ஊசி மாதிரி கூரா பளிச்சுனு மின்னும். சூடோகவுட்னா கால்சியம் பைரோபாஸ்பேட், குட்டையா சாய்சதுரமா மங்கலா இருக்கும், அவசரமா பாத்தா கண்ணுல சிக்காமலே போயிடும். நீங்க படிகங்கள நெறத்த வெச்சு பிரிச்சுக் காட்டுற போலரைஸ்டு மைக்ராஸ்கோப்புல ஸ்லைட திருப்பித் திருப்பி வெச்சு, யூரேட் ஊசியா இருந்தா மஞ்சளா தெரிய வேண்டிய திசையில இது நீலமா தெரியுதுன்னு உறுதி பண்ணிட்டுதான் எழுதிக் கொடுத்தீங்க. 1962ல மெக்கார்ட்டிங்கிற டாக்டரும் அவர் கூட வேலை செஞ்சவங்களும் ரெண்டையும் பிரிச்சுக் காட்டினதும் இப்படி மூட்டு நீரப் பாத்துதானாம். அதே நீர கிருமி இருக்கான்னு கல்ச்சருக்கும் அனுப்பினீங்க, ஏன்னா மூட்டுல சீழ் பிடிச்சாலும் இதே மாதிரிதான் வீங்குமாம், விட்டா சில நாள்லயே மூட்ட அரிச்சிடுமாம்.

எக்ஸ்ரேல அந்தக் கால்சியம் படிஞ்சு குருத்தெலும்புல ஓடுற மெல்லிசான வெள்ளைக் கோட்ட விரல் வெச்சு காட்டின தம்பிக்கும் நன்றி.

அப்புறம் அம்மா சாப்பிடுற எல்லா மாத்திரையையும் எடுத்துட்டு வாங்கன்னு கேட்ட பார்மசிஸ்ட் தங்கச்சி! பிரஷருக்காக வருஷக்கணக்கா போட்ட, சிறுநீர அதிகமா போக வைக்கிற நீர் மாத்திரை யூரிக் ஆசிட்ட ஏத்தும், மெக்னீசியத்த கொறைக்கவும் செய்யும்னு நீதான் டாக்டர்கிட்ட சொன்ன. செக் பண்ணா மெக்னீசியம் நெஜமாவே கம்மி, சூடோகவுட்டுக்கு அதுவும் ஒரு காரணமாம். மத்த காரணம் இருக்கான்னு பாத்த கால்சியம், பாராதைராய்டு ஹார்மோன், இரும்புச்சத்து எல்லாம் சரியா இருந்துச்சு. டாக்டர் பிரஷர் மாத்திரைய மாத்திட்டாங்க.

கவுட்ல யூரேட் படிகத்த மாத்திரையால மெதுவா கரைக்க முடியும், இந்தப் படிகத்த கரைக்க இன்னும் மருந்தே இல்லன்னு டாக்டர் மறைக்காம சொன்னாங்க, அந்த நேர்மைக்கு தனியா ஒரு நன்றி. கிருமி இல்லன்னு தெரிஞ்சதும் முட்டிக்குள்ளயே ஸ்டீராய்டு ஊசி போட்டாங்க, வீக்கம் திரும்ப வராம இருக்க கிட்னிய செக் பண்ணிட்டு கோல்சிசின் கம்மி டோஸ்ல கொடுத்தாங்க. அலோபியூரினாலும் பத்தியமும் நின்னுபோச்சு.

தொடை தசைக்கு பயிற்சி சொல்லிக்கொடுத்த பிசியோ அக்காவுக்கும், ஊசி போடும்போது அம்மா கைய விடாம பிடிச்சுக்கிட்ட நர்ஸ் சிஸ்டருக்கும் அம்மாவே நன்றி சொல்லச் சொன்னாங்க. நாளைக்கு செக்கப்புக்கு வரும்போது அவங்களே நடந்து வந்து நேர்ல சொல்லுவாங்களாம்.