வலை கட்டும் இடத்தில் ஒரு வழிகாட்டி முகாம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பிளஸ் டூ தேர்வு முடிவையொட்டித் தாங்கள் வெளியிட்ட உயர்கல்விச் சிறப்புப் பக்கங்களைக் காசிமேட்டில் எங்கள் வீட்டு வாசலில் உட்கார்ந்து ஒரு வரி விடாமல் படித்தேன். பொறியியலுக்கு இரண்டு பக்கம், மருத்துவத்துக்கு ஒரு பக்கம். மீன்வளப் படிப்புக்கு, 'இதர படிப்புகள்' என்பதன் கீழ் ஒரே ஒரு வரி. கடலை நம்பிப் பிழைக்கும் இத்தனை ஆயிரம் குடும்பங்கள் உள்ள வடசென்னையில் அந்த ஒரு வரியைப் பார்த்து எனக்கு மனம் கனத்துப் போயிற்று.

நான் விசைப்படகு ஓட்டுபவரின் மகள். மீன்வள அறிவியல் பட்டப்படிப்பில் இறுதியாண்டு மாணவி. இப்படியொரு படிப்பு இருப்பதாக நான் படித்த பள்ளியில் யாரும் சொல்லவில்லை. நர்சிங் போ, இல்லாவிட்டால் பி.காம். போ என்றார்கள். விண்ணப்பிக்க நான்கு நாள் மட்டுமே இருந்த நிலையில் எதிர்வீட்டு அக்கா சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். நீட் தேவையில்லை, பிளஸ் டூ மதிப்பெண் போதும், மீனவர் பிள்ளைகளுக்குத் தனி ஒதுக்கீடு உண்டு, கல்லூரி இதோ பொன்னேரியிலேயே இருக்கிறது என்பதெல்லாம் அன்றைக்குத்தான் என் காதில் விழுந்தன.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ராயபுரத்தில் மத்திய அரசின் 'சிஃப்நெட்' பயிற்சி நிறுவனம் 1968 முதல் இயங்கி வருகிறது. பத்தாம் வகுப்பு முடித்தவர்கள் அங்கே இரண்டே ஆண்டில் படகு செலுத்தவோ கடல் இன்ஜின் பழுது பார்க்கவோ முறையாகக் கற்றுச் சான்றிதழ் பெறலாம். எங்கள் தெருவிலிருந்து நடந்தே போய்விடலாம். அதன் வாசலைத் தாண்டித் தினமும் பள்ளிக்குப் போன என் தம்பியின் நண்பர்களுக்கு, உள்ளே என்ன நடக்கிறது என்று கடைசிவரை தெரியாது.

"மீனைப் பற்றி நான்கு வருடம் படிக்க என்ன இருக்கிறது?" என்று என் சித்தப்பா அடிக்கடி கேட்பார். அவருக்குப் பதில் சென்ற ஆண்டு ஒரு விடியற்காலையில் கிடைத்தது. அப்பாவின் படகு பன்னிரண்டு நாள் கழித்துச் சூரை மீனோடு கரை சேர்ந்தது. அப்பா செவுளைத் தூக்கிப் பார்த்தார், முதுகைக் கட்டைவிரலால் அழுத்தினார், நல்ல மீன் என்றார். ஐஸ் அறையின் ஓரத்தில் கிடந்த ஒரு மீனை எடுத்து, முதுகெலும்பை ஒட்டிய தடித்த சதையில் வெப்பமானியைச் செருகினேன். 9 டிகிரி காட்டியது. இந்தச் சூட்டில் நாள் கணக்கில் கிடந்தால் சூரையின் சதையில் ஹிஸ்டமின் என்ற நச்சுப்பொருள் சேர்ந்துவிடும். அது வாசனையில் தெரியாது, கொதிக்க வைத்தாலும் போகாது, சாப்பிட்டவருக்கு முகம் சிவந்து தலை வலிக்கும். ஏற்றுமதிக்குப் போன மீன் திரும்பி வருவதற்கும் இது ஒரு காரணம். சித்தப்பா வெப்பமானியையே பார்த்துக்கொண்டு நின்றார். அடுத்த நடைக்கு அப்பா ஐஸ் கூடுதலாக ஏற்றினார். ஓரத்தில் மீன் ஒட்டாதபடி ஐஸை அணைத்துப் போடச் சொன்னார்.

கற்றுக்கொடுத்தது நான் மட்டும் அல்ல. இழுக்கும்போது, மீன் வந்து சேரும் வலையின் கடைப் பகுதியான மடியின் கண் சுருங்கி மூடிக்கொள்வதால் குஞ்சு மீன் தப்ப முடியாது, கண்ணைச் சதுரமாக வைத்தால் திறந்தே இருக்கும் என்று வகுப்பில் பாடம் நடந்தபோது, அந்தச் சுருக்கத்தை அப்பா எப்போதோ கையில் காட்டியது எனக்கு நினைவுக்கு வந்தது. மீனவர் வீட்டுப் பிள்ளை இந்தப் படிப்புக்குப் பாதி தயாராகித்தான் வருகிறது.

வேலையும் இருக்கிறது. மீன்வளத் துறை ஆய்வாளர், வங்கிகளின் வேளாண் அலுவலர், பதப்படுத்தும் ஆலை, இறால் பண்ணை என்று வழிகள் பல. ஆனால் பட்டம் மட்டும் போதாது. ஆந்திரத்தில் ஓர் இறால் பண்ணைக்கு நேர்காணலுக்குப் போன என் சீனியரிடம் கேட்ட முதல் கேள்வி, இறால் எவ்வளவு தின்றது என்று பார்க்கக் குளத்தில் இறக்கும் செக் ட்ரே தட்டில் மிஞ்சிய தீவனத்தைப் பார்த்து அடுத்த வேளைக்கு எவ்வளவு குறைப்பாய் என்பதுதான். குளத்து வரப்பில் நின்றவருக்கே அதற்குப் பதில் வரும். மதிப்பெண்ணுக்காக மட்டும் படிக்கும் என் வகுப்புத் தோழர்களிடம் இதைச் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டேன்.

என் வேண்டுகோள் இதுதான். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நிற்கின்றன. வருமானம் இல்லாத இந்த நாட்களில்தான் தேர்வு முடிவும் வருகிறது, விண்ணப்பமும் தொடங்குகிறது, கல்லூரிக் கட்டணமும் கேட்கிறார்கள். அதே நாட்களில்தான் அப்பாக்கள் வீட்டில் இருக்கிறார்கள். காலையில் துறைமுகத்துக்கு வந்தால் வரிசையாக உட்கார்ந்து வலை கட்டிக்கொண்டிருப்பார்கள். வழிகாட்டி முகாமை நகரத்தின் குளிரூட்டிய மண்டபங்களில் நடத்துகிறார்கள்; எங்கள் அப்பாக்கள் அங்கே வரமாட்டார்கள். அந்த முகாமை இங்கே, வலை கட்டும் இடத்திலேயே நடத்த வேண்டும். மீன்வளத் துறையும் பள்ளிகளும் மனம் வைத்தால் ஒரே வாரத்தில் ஏற்பாடு செய்துவிடலாம். தாங்கள் எழுதினால் அவர்கள் காதில் விழும்.

தடைக்காலம் முடிய இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. எங்கள் வகுப்பில் வடசென்னைப் பிள்ளைகள் ஆறு பேர் இருக்கிறோம். எந்த நாள் காலையிலும் வந்து பேசவும் விண்ணப்பம் நிரப்பிக் கொடுக்கவும் தயார். ஒரு மேசையும் கொஞ்சம் நிழலும் கிடைத்தால் போதும்.

இப்படிக்கு,
இறுதியாண்டு மீன்வள மாணவி,
காசிமேடு, சென்னை – 13.