புரையேறாதவர்களைப் பற்றி

அன்புள்ள மல்லிகா,

உன் கடிதம் வந்த அன்று காலையில்தான் காபி குடிக்கும்போது எனக்குப் புரையேறியது. "யாரோ நினைக்கிறாங்க" என்று அத்தை உச்சந்தலையில் தட்டினார். நீதான் போல. அத்தைக்குக் கண் ஆபரேஷன் முடிந்து இப்போது தானே ஊசியில் நூல் கோர்க்கிறார். பெரியவன் பாலிடெக்னிக் ஹாஸ்டலுக்குப் போய்விட்டான், வீடு வெறிச்சென்று கிடக்கிறது.

உன் மாணவியின் ஆய்வைப் படித்தேன். பக்கவாதம் வந்த 100 பேருக்கு விழுங்குவதில் பிரச்சினை இருக்கிறதா என்று இரண்டு தெரபிஸ்டுகள் தனித்தனியாகப் பார்த்ததில் 90 பேருக்கு ஒரே முடிவு என்று பெருமையாக எழுதியிருக்கிறாள். அவள் அட்டவணையை ஒருமுறை நிதானமாகப் பார். விழுங்குவதில் பிரச்சினை என்று இருவரும் சேர்ந்து சொன்னது 5 பேரைத்தான். ஒருவர் சொல்லி மற்றவர் சொல்லாதது 10 பேர். இருவருமே ஆளுக்கு 90 பேரைச் 'சரி' என்று எழுதியிருப்பதால், நோயாளியைப் பார்க்காமல் டிக் அடித்திருந்தாலும் 82 பேரிடம் ஒத்துப்போயிருக்கும். அந்தத் தற்செயலைக் கழித்துவிட்டு மீதி ஒற்றுமையைச் சொல்லும் கப்பா (முழு ஒற்றுமை என்றால் 1) 0.44தான் வருகிறது. கோஹன் 1960இல் அந்த அளவையைக் கொண்டுவந்ததே இதற்காகத்தான். அவளைத் திட்டாதே, கணக்கை அவளையே போட வை.

இருவர் பார்த்தாலும் ஒரே முடிவு வரும் நம்பகத்தன்மை இருந்தாலும், அளக்க நினைத்ததைத்தான் அளக்கிறோமா என்ற ஏற்புடைமை தனிக் கேள்வி. நாம் படித்த காலத்தில் குச்சியால் தொண்டையைத் தொட்டு ஓங்கரிப்பு வருகிறதா என்று பார்த்தோமே, நினைவிருக்கிறதா? இருவரும் "இல்லை" என்று ஒரே மாதிரி எழுதுவோம். 1995இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஆய்வில் ஆரோக்கியமானவர்களிலேயே மூன்றில் ஒருவருக்கு மேல் அது இல்லை. இருவரும் ஒத்துப்போய் எழுதியதற்கும் விழுங்குவதற்கும் என்ன சம்பந்தம்?

இதை நான் படித்துத் தெரிந்துகொண்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம், ஒரு பெரியவருக்கு நாலு ஸ்பூன் தண்ணீர் கொடுத்தேன். இருமவில்லை, குரலும் கரகரக்கவில்லை. கஞ்சி கொடுக்கலாம் என்று எழுதினேன். நான்காம் நாள் காய்ச்சல், நிமோனியா. பிறகு எக்ஸ்ரேயில் தெரியும் பேரியத்தை விழுங்கக் கொடுத்து எக்ஸ்ரே வீடியோ எடுத்தபோது, அது மூச்சுக்குழலுக்குள் கோடாக இறங்குவதைப் பார்த்தேன். அவர் சும்மா உட்கார்ந்திருந்தார், ஒரு இருமல்கூட இல்லை. விழுங்கியது மூச்சுக்குழல் பக்கம் எவ்வளவு தூரம் போகிறது என்று பார்க்கும் ரோசன்பெக்கின் 1996ஆம் வருட அளவையில் கடைசியான எட்டாம் படி இதுதான்: குரல்நாணுக்குக் கீழே போய்விட்டது, வெளியே தள்ள முயற்சியே இல்லை. நம் ஊரில் புரையேறினால் பயப்படுகிறார்கள். புரையேறாதவரைக் கண்டால்தான் எனக்குப் பயம். "சாப்பிடும்போது புரையேறுதா?" என்று வீட்டாரைக் கேட்டு, "இல்லை" என்றதும் இப்போதெல்லாம் நான் நிம்மதி அடைவதில்லை.

90 மில்லி தண்ணீரை நிறுத்தாமல் குடிக்கச் சொல்லும் சோதனை இதில் பரவாயில்லை. ஸ்பூன் அளவில் சத்தமில்லாமல் இறங்குவது, அவ்வளவு தண்ணீரில் பலருக்கு இருமலாக வெளிப்பட்டுவிடும். 2008இல் சூட்டரும் லெடரும் 3000 பேரிடம் இதை மூக்கு வழி கேமராவோடு ஒப்பிட்டார்கள். மூச்சுக்குழலுக்குள் போகிறவர்களில் 96.5 சதவீதம் பேரைப் பிடித்தது. போகாதவர்களில் 48.7 சதவீதம் பேரைத்தான் சரியாக விடுவித்தது. மீதிப் பாதிப்பேர் காரணமில்லாமல் தோற்கிறார்கள். அந்தப் பாதியை வார்டில் வந்து பார், மல்லிகா. மே மாத வெயிலில் "ஒரு மடக்கு தண்ணி குடும்மா" என்று கையைப் பிடிக்கும் கிழவிக்கு, கெட்டியாக்கிய திரவத்தை ஊட்ட வேண்டியிருக்கிறது. தோற்றவுடன் உணவு டியூப் போடாமல் கேமராவுக்கு அனுப்பினால் அந்தச் சோதனையில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. கேமரா இல்லாத ஊரில்தான் பாவம் சேர்கிறது.

அந்த வீடியோவையும் மனுஷிதான் படிக்கிறாள். சில வாய் பேரியத்தை மட்டும் பார்க்கிறோம். சாப்பாட்டின் கடைசியில் களைத்துப்போய் தடுமாறுகிறவர் அதில் அகப்படமாட்டார். அதனால் வீடியோவோடு ஒப்பிடும்போதும், படித்தவர் இருவர் எவ்வளவு ஒத்துப்போனார்கள் என்பதை முதலில் எழுதச் சொல். அந்த இருவருக்கும், படுக்கையருகே தண்ணீர் கொடுத்துப் பார்த்த சோதனையின் முடிவு தெரியக் கூடாது. இரண்டு வாரம் கழித்து அதே வீடியோக்களை மறுபடி படித்துப் பார்க்கவும் சொல்.

பொங்கலுக்கு வருவதாக எழுதியிருந்தாய். அவளையும் கூட்டிக்கொண்டு வா. என்னிடம் பெயர் நீக்கிய பழைய மதிப்பெண் தாள்கள் ஒரு பெட்டி இருக்கிறது, உட்கார்ந்து பார்க்கலாம்.

அன்புடன்,
வசந்தா