அப்பத்தாவுக்கும் மற்ற எல்லோருக்கும் நன்றி

நேற்று என் முட்டி ஆபரேஷன் தையல் பிரித்தாயிற்று. நடந்தது உங்களுக்கெல்லாம் தெரியும், திரும்பச் சொல்லவில்லை. மதுரை பெரியாஸ்பத்திரி எலும்பு டாக்டர்கள், மயக்க டாக்டர், நர்ஸ் அக்காக்கள், முதலமைச்சர் காப்பீட்டு அட்டைக்காக அலைந்த மாமா, வேளாவேளைக்குச் சோறு கொடுத்தனுப்பிய தெருக்காரர்கள் எல்லோருக்கும் கும்பிடு. லிகமெண்டோடு, அதாவது எலும்பையும் எலும்பையும் கட்டிப் பிடிக்கிற நாரோடு, பெயர்ந்த எலும்புத் துண்டை, முட்டியைப் பெரிதாகக் கிழிக்காமல், சின்னத் துளைகள் வழியே கேமரா விட்டுப் பார்த்து, நூல் கோத்து இழுத்து, பழைய இடத்திலேயே கட்டி உட்கார வைத்திருக்கிறார்கள். நான் தையல்காரி, அந்தக் கைவேலையின் அருமை எனக்குத் தெரியும்.

ஆனால் இதை எழுத உட்கார்ந்ததே பக்கத்துக் கட்டிலில் மகளுக்குத் துணையிருந்த அப்பத்தாவுக்காக. வார்டில் எல்லோரும் அவரை அப்படித்தான் கூப்பிடுவோம்.

ஆபரேஷனுக்கு மறுநாள் பிசியோதெரபி தம்பி வந்து, முட்டிக்கு அடியில் துண்டைச் சுருட்டி வைத்து, தொடையை இறுக்கி முட்டியால் துண்டை அழுத்தச் சொன்னார். எவ்வளவு முக்கினாலும் தொடை அசையவே இல்லை. முட்டிக்குள் வீக்கம் இருந்தால் தொடைத்தசை அப்படித்தான் வேலை செய்யாமல் கிடக்கும், போகப்போகச் சரியாகும் என்றார். எனக்கு மனசு ஒப்பவில்லை, இனி இந்தக் கால் அவ்வளவுதான் என்று ராத்திரி தலையணையில் முகம் புதைத்து அழுதேன். அப்பத்தா எழுந்து வந்தார். ஒன்றும் கேட்கவில்லை. முட்டிக்குச் சற்று மேலே, தொடையில் உள்ளங்கையை வைத்து, "என் கையத் தள்ளு தாயி" என்றார். சொரசொரப்பான, சூடான கை. எவ்வளவு நேரம் முயன்றேனோ தெரியாது, திடீரென்று தோலுக்கடியில் லேசாக ஒரு துடிப்பு. "வந்துருச்சு, வந்துருச்சு!" என்று வார்டே விழிக்கிற மாதிரிச் சொன்னார். அப்புறம் தினமும் மகளுக்குக் கஞ்சி கொடுத்த கையோடு என் கட்டிலுக்கு வந்துவிடுவார்.

1918இலேயே முட்டிக்குள் குழாய் விட்டுப் பார்த்த முன்னோடிகளில் ஒருவர் டோக்கியோவின் கென்ஜி தகாகி என்று பயிற்சி டாக்டர் ஒருவர் சொன்னார். காசநோயால் முட்டி விறைத்து, தரையில் உட்கார முடியாமல் போனவர்களுக்காகத்தான் அவர் அதில் இறங்கினாராம். சம்மணம் போட்டுச் சாப்பிட்டு வளர்ந்த நமக்கு அந்தத் தவிப்பு புரியும். அந்த மனுசனுக்கும் சேர்த்தே என் நன்றி.

அப்பத்தா, இன்னும் முட்டியைத் தாங்கிப் பிடிக்கிற பிரேஸும் வாக்கரும்தான். காலை முழுசாக ஊன்றலாம் என்று டாக்டர் சொன்னதும் முதல் பஸ் உசிலம்பட்டிக்குத்தான். உங்களுக்கும் அக்காவுக்கும் தீபாவளி ஜாக்கெட் என் கையால் தைத்துத் தருவேன், அளவு ஜாக்கெட் எடுத்து வையுங்கள்.