தமிழ் ஆவணங்களின் எழுத்துருவும் நிறமும்: ஒரு திறந்த மடல்

கட்டற்ற மென்பொருள்களின் பயன்பாட்டு ஆவணங்களைத் தமிழில் வெளியிடும் குழுக்களுக்கு வணக்கம்.

ஆங்கிலத்தில் படிக்கத் தயங்கும் மாணவர்களுக்குச் சில ஆண்டுகளாக லினக்ஸ் கட்டளைகளைக் கற்றுத்தருகிறேன். உங்கள் மொழிபெயர்ப்புகள் இல்லாவிட்டால் அந்த வகுப்புகள் நடந்திருக்கவே மாட்டா. அந்த நன்றியோடுதான் ஒன்றை வேண்டுகிறேன்: சொல் தேர்வில் காட்டும் அக்கறையில் ஒரு பங்கை, அச்சொல் திரையில் எப்படித் தெரிகிறது என்பதிலும் காட்டுங்கள்.

சென்ற ஆண்டு வகுப்பில் ஒரு மாணவர், ஆவணத்தில் கண்ட அழித்தல் கட்டளையை அப்படியே இயக்கி, ஒரு வாரம் எழுதிய பயிற்சிக் கோப்புகளை இழந்தார். முதலில் காப்புநகல் எடுக்கும்படி அதே பக்கத்தில் எழுதியிருந்தது. ஆனால் வெள்ளைப் பின்னணியில், வெளிர்சாம்பல் நிறத்தில், சிறிய எழுத்தில் இருந்தது. வலைப்பக்கத்தில் நிறத்தைக் குறிக்க ஆறு இலக்கக் குறியீடு உண்டு; அந்த நிறத்தின் குறியீடு ஒன்பது என்ற இலக்கத்தை ஆறு முறை எழுதியது. வெள்ளையோடு அதன் ஒளிர்வு மாறுபாடு (இந்த எண் கூடக்கூட எழுத்து தெளிவாகத் தெரியும்) 2.85:1 மட்டுமே. உலகளாவிய வலைக் கூட்டமைப்பு 2008இல் வெளியிட்ட அணுகல்தன்மை வழிகாட்டுதல்கள் சாதாரண அளவு எழுத்துக்கு 4.5:1 கேட்கின்றன, 2023இல் வந்த பதிப்பிலும் அந்த அளவு மாறவில்லை. ஏழு என்ற இலக்கத்தை ஆறு முறை எழுதினால் வரும் சாம்பல்கூட 4.48:1 என்று மயிரிழையில் தவறுகிறது. ஐந்தை ஆறு முறை எழுதுங்கள். மாறுபாடு 7:1ஐத் தாண்டிவிடும்.

தமிழுக்கு இந்தக் குறைந்தபட்ச அளவும் போதாது என்பது என் கருத்து. நம் எழுத்தில் பொருள் மிகச் சிறிய குறிகளில் தங்கியிருக்கிறது. ‘கொடு’ என்பதையும் ‘கோடு’ என்பதையும் பிரிப்பது கொம்பின் தலையில் உள்ள ஒரு சுழிதான்; கட்டளைகளை விளக்கும் ஆவணத்தில் இவ்விரு சொற்களும் ஒரே பத்தியில் வருகின்றன. மெலிந்த எடையில் (எழுத்துக் கோட்டின் பருமனில்), மங்கிய நிறத்தில் முதலில் மறைவது அந்தச் சுழியும் மெய்யெழுத்தின் புள்ளியும்தான்.

ஆவணங்களை வலைப்பக்கங்களாக்கும் ஸ்பிங்க்ஸ், எம்கேடாக்ஸ் போன்ற கருவிகளுக்குக் கிடைக்கும் ஆயத்த வார்ப்புருக்கள் பெரும்பாலும் இலத்தீன் எழுத்தை மனத்தில் வைத்து அமைந்தவை. எழுத்துருப் பட்டியலில் தமிழ் எழுத்துருவின் பெயர் இல்லையென்றால், உலாவி வாசகரின் கருவியில் கிடைத்ததை எடுத்துக்கொள்கிறது. ஒருவருக்கு நிர்மலா என்ற எழுத்துருவிலும் இன்னொருவருக்கு லோகித் என்ற எழுத்துருவிலும் தெரியப்போகும் பக்கத்தை நீங்கள் உங்கள் கணினியில் மட்டும் பார்த்து ஒப்புதல் தருகிறீர்கள். நோட்டோ சான்ஸ் தமிழ், முக்தா மலர் ஆகிய இரண்டு எழுத்துருக்களும் கட்டற்ற உரிமத்தில், பல எடைகளில் கிடைக்கின்றன. முக்தா மலரில் இலத்தீன் எழுத்தும் உடன் இருப்பதால், கட்டளைப் பெயர்கள் கலந்த வரிகளில் அளவு ஏறி இறங்காது. எழுத்துருவில் தடித்த எடை இல்லாதபோது உலாவியே எழுத்தின் கோடுகளைப் பருமனாக்குகிறது. அப்போது ண, ஞ போன்ற எழுத்துகளின் சுழிகள் அடைபடுகின்றன. சாய்வெழுத்தோ தமிழ் அச்சு மரபில் வேரூன்றியதன்று. வலிந்து சாய்த்த எழுத்தைக் காட்டிலும் மேற்கோள் குறி தெளிவாக இருக்கும். மேலே புள்ளியும் இகரக் குறியும், கீழே உகரக் குறியும் கொண்ட எழுத்துக்கு வரி உயரம் எழுத்தளவைப் போல் 1.6 அல்லது 1.7 மடங்கு வேண்டும்.

நிரல் பகுதிக்கு, எல்லா எழுத்தும் ஒரே அகலத்தில் அமையும் சமஅகல எழுத்துருவே சரி. சுழியமும் ஓ என்ற ஆங்கில எழுத்தும் அதில் வேறுபட்டுத் தெரிய வேண்டும். தமிழ் எழுத்துகளோ சமஅகலத்துக்குள் எளிதில் அடங்குவதில்லை. ஆகவே விளக்கக் குறிப்புகளை நிரலுக்கு உள்ளே திணிக்காமல் வெளியே எழுதுவது நல்லது. பிழைக்குச் சிவப்பு, வெற்றிக்குப் பச்சை என்று நிறத்தை மட்டும் நம்பவும் வேண்டாம். அவ்விரண்டையும் பிரித்தறிய இயலாத மாணவர் ஒருவர் என் வகுப்பில் இருக்கிறார். பெட்டியின் தலையில் ‘எச்சரிக்கை’ என்ற சொல் இருந்தால் அவருக்கும் செய்தி சேரும்.

புதிய பதிப்பை வெளியிடுமுன் அதன் பக்கங்களை எங்களுக்கு அனுப்புங்கள். விலை குறைந்த கைபேசிகளிலும், வெயில் விழும் எங்கள் வகுப்பறைத் திரையிலும் படித்துப் பார்த்து, எந்த வரி தெரியவில்லை என்று எழுதி அனுப்ப என் மாணவர்கள் ஆயத்தமாக இருக்கிறார்கள்.

இப்படிக்கு,
உங்கள் ஆவணங்களைக் கொண்டு பாடம் நடத்தும் ஓர் ஆசிரியர்