அப்பா போன் நம்பர் இல்லாமல் நகராத கல்லூரி விண்ணப்பம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பிளஸ் டூ ரிசல்ட் வந்த நாளிலிருந்து கட் ஆஃப், கடைசித் தேதி, கலந்தாய்வு அட்டவணை என்று உங்கள் பத்திரிகையில் தினமும் செய்தி வருகிறது. அந்தப் பக்கத்தை மடித்துக் கையில் வைத்துக்கொண்டே என் கடைக்கு வரும் பெற்றோர்கள் உண்டு. ஆனால் அந்தக் கடைசித் தேதிக்குள் ஆன்லைன் விண்ணப்பத்தை நிரப்பி முடிக்க ஒரு பிள்ளை என்ன பாடு படுகிறது என்று யாரும் எழுதி நான் பார்க்கவில்லை. நான் அரூர் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் 14 வருஷமாக ஜெராக்ஸ், பிரவுசிங் கடை வைத்திருக்கிறேன். மே, ஜூன் மாதங்களில் எனக்கு வேறு வேலையே கிடையாது, காலை 9 மணிக்கு ஷட்டர் தூக்கும்போதே வாசலில் நாலு பேர் மார்க் ஷீட்டோடு நிற்பார்கள்.

போன வருஷம் சித்தேரி மலையிலிருந்து ஒரு பெண் வந்தாள். நல்ல மார்க். அவளுடைய அம்மா அன்றைக்குக் கூலி வேலைக்குப் போகாமல் கூடவே பஸ் ஏறி வந்திருந்தார். வெளியூரில் ஒரு அரசு உதவி பெறும் கல்லூரி, அதன் விண்ணப்பத்தில் அப்பா பெயர், அப்பா தொழில், அப்பா செல்போன் எண் மூன்றுக்கும் சிவப்பு நட்சத்திரம் போட்டிருந்தது, நிரப்பாமல் அடுத்த பக்கம் போகாது. "அண்ணா, அப்பா செத்துட்டாரு, என்ன போடறது?" என்று மெதுவாகக் கேட்டாள். அதற்கென்று ஒரு கட்டம் எங்காவது இருக்கும் என்று மேலும் கீழும் தேடினேன், இல்லை. அம்மாவின் நம்பரைப் போட்டால் 'இந்த எண் ஏற்கெனவே பயன்படுத்தப்பட்டது' என்கிறது, ஏனென்றால் அந்த வீட்டில் இருக்கும் ஒரே போனைத்தான் மாணவி நம்பராக முதல் பக்கத்தில் போட்டிருந்தோம். பத்து சைபர் அடித்துப் பார்த்தேன், அதையும் ஏற்கவில்லை. கடைசியில் அவளே சொன்னாள், "அப்பா பழைய நம்பரையே போடுங்கண்ணா, எனக்கு ஞாபகம் இருக்கு." ஒவ்வொரு எண்ணாக அவள் சொல்லச் சொல்ல நான் அடித்தேன். அவளுடைய அம்மா வெளியே போய் நின்றுகொண்டார்.

அந்தப் பத்து எண்ணை வைத்துக் கல்லூரி என்ன செய்தது என்று எனக்குத் தெரியாது. ஆனால் அதைக் கட்டாயம் என்று வைத்தவர் ஒரு நிமிஷம் யோசித்திருக்கலாம். அவர் கெட்ட எண்ணத்தில் வைத்தார் என்று நான் சொல்லவில்லை. எல்லார் வீட்டிலும் அப்பா இருப்பார், ஆளுக்கு ஒரு போன் இருக்கும், ஒரு கம்ப்யூட்டர் இருக்கும் என்று நினைத்துச் செய்த படிவம் அது.

அப்புறம் பெயர். நம் ஊரில் குடும்பப் பெயர் வைக்கும் வழக்கம் கிடையாது, இனிஷியல்தான். பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டிலும் பெயரும் ஒரு எழுத்தும்தான் இருக்கும். ஆனால் தமிழ்நாட்டுக் கல்லூரிகளிலேயே சில, முதல் பெயர், கடைசிப் பெயர் என்று தனித்தனிக் கட்டம் வைத்து, கடைசிப் பெயரில் மூன்று எழுத்தாவது இருக்க வேண்டும் என்கின்றன. ஒரு எழுத்து போட்டால் பிழை, புள்ளி வைத்தால் பிழை. வேறு வழியில்லாமல் அப்பா பெயரை முழுதாக அடிக்கிறோம். ரெண்டு மாதம் கழித்துச் சான்றிதழ் சரிபார்ப்புக்குப் போனால், மார்க் ஷீட்டில் ஒரு பெயர், விண்ணப்பத்தில் ஒரு பெயர், நோட்டரியிடம் எழுதி வாங்கி வா என்று திருப்பி அனுப்புகிறார்கள். பிள்ளை செய்த தப்பு என்ன இதில்? கட்டம் கேட்டதைத்தான் அது கொடுத்தது.

போட்டோ ஏற்றுவது இன்னொரு தொல்லை. 50 கேபிக்குள் இருக்க வேண்டும் என்றால் சரி, குறைத்துத் தருகிறோம், அது எங்கள் தொழில். ஒரு நாள் ஒரு பையனின் போட்டோவை எத்தனை முறை ஏற்றினாலும் 'தவறான கோப்பு' என்று மட்டுமே வந்தது. அளவு சரி, ஜேபெக்தான், பின்னணியும் வெள்ளை. 40 நிமிஷம் கழித்துத்தான் பிடிபட்டது, ஃபைல் பெயருக்கு நடுவில் இடைவெளி இருந்ததுதான் காரணம். வாட்ஸ்அப்பில் வந்த படத்தைக் கம்ப்யூட்டரில் இறக்கினால் தேதி, நேரத்தோடு இடைவெளி விட்டுத்தான் பெயர் வரும், எல்லாரும் அப்படித்தான் கொண்டுவருகிறார்கள். பெயரை மாற்றியதும் ஏறிவிட்டது. அதற்குள் 'நேரம் முடிந்தது' என்று வெளியே தள்ளிவிட்டது, நிரப்பிய ஆறு பக்கமும் போச்சு. பாதியில் சேமித்து வைக்கும் வசதி இல்லை. மறுபடி ஓடிபி. அது திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கும் அவன் அப்பாவின் போனுக்குப் போகிறது, வேலை நேரத்தில் அவரால் போனைத் தொட முடியாது. மதியச் சாப்பாட்டு நேரம் வரைக்கும் அந்தப் பையன் கடையிலேயே உட்கார்ந்திருந்தான்.

அரசு கலை அறிவியல் கல்லூரிகளுக்கான பொது விண்ணப்பத்துக்குக் கட்டணம் 48 ரூபாய், பதிவுக்கு 2 ரூபாய், எஸ்.சி., எஸ்.டி. பிள்ளைகளுக்கு அந்த 2 ரூபாய் மட்டும்தான். நல்ல மனசோடு வைத்த கட்டணம் அது. பொறியியல் கலந்தாய்வை 2018-இல் ஆன்லைனுக்கு மாற்றியபோது மாவட்டங்களில் உதவி மையங்களும் திறந்தார்கள். ஆனால் தனியாக விண்ணப்பம் வாங்கும் கல்லூரிகளுக்கு ஒரு பிள்ளை விண்ணப்பித்தால் கல்லூரிக்குக் கல்லூரி வேறு படிவம், வேறு கட்டணம், எனக்கு ஒரு படிவத்துக்கு 100 ரூபாய், பஸ் காசு, அம்மாவின் ஒரு நாள் கூலி. படிவம் சிக்கலாக இருந்தால் எனக்கு வருமானம் கூடத்தான் செய்யும். அந்தக் காசு எனக்கு வேண்டாம், பிள்ளைகள் தங்கள் போனிலேயே வீட்டில் உட்கார்ந்து நிரப்பட்டும்.

கல்லூரி நிர்வாகங்களிடம் நான் கேட்பது பெரிய செலவு பிடிக்கும் விஷயம் இல்லை. இனிஷியலுக்கு ஒரு கட்டம் வையுங்கள். அப்பா, அம்மா, காப்பாளர் இவர்களில் யாராவது ஒருவர் விவரம் போதும் என்று மாற்றுங்கள். என்னென்ன சான்றிதழ் வேண்டும் என்பதை முதல் பக்கத்திலேயே தமிழில் சொல்லுங்கள், கடைசிப் பக்கத்தில் வருமானச் சான்று கேட்டால் அதற்கு விண்ணப்பித்து வாங்குவதற்குள் தேதி முடிந்துவிடுகிறது. பாதியில் நிறுத்தினால் விட்ட இடத்திலிருந்து தொடர வழி வேண்டும். எது தப்பு என்பதைத் தப்பு நடந்த கட்டத்துக்குப் பக்கத்திலேயே காட்டுங்கள்.

அடுத்த மே மாதம் விண்ணப்பத்தைத் திறப்பதற்கு முன்னால் பக்கத்து அரசுப் பள்ளியிலிருந்து பத்துப் பிள்ளைகளைக் கூப்பிட்டு, அவர்கள் வீட்டுப் போனிலேயே நிரப்பச் சொல்லி, எதுவும் பேசாமல் பின்னால் நின்று பாருங்கள். வர முடிந்தால் எங்கள் கடைக்கும் வாருங்கள், காலை 9 மணிக்கு நாற்காலி போட்டு வைக்கிறேன்.

இப்படிக்கு,
பிரவுசிங் கடை நடத்தும் ஒரு வாசகன்,
அரூர், தருமபுரி மாவட்டம்.