உன் கடிதத்தின் கடைசி வரி

அன்புள்ள கமலி,

நலம். நீ அனுப்பிய துணிகள் வந்து சேர்ந்தன. ஒன்றுகூட அளவு சரியில்லை, வழக்கம்போல. அண்ணன் விஷயம் நேரில் பேசுவோம்.

மூன்று பக்கம் மாமியாரைத் திட்டித் தீர்த்துவிட்டு, கடைசியில் ஓரமாகப் பொடி எழுத்தில் "கீழே கொஞ்சம் அரிப்பு, அவர் கடையில் மாத்திரை வாங்கித் தந்தார், டாக்டரிடம் சொல்ல வெட்கமாக இருக்கிறது" என்று போட்டிருக்கிறாயே, என்னடி இது? விடுதி வார்டனையே வாயடைக்க வைத்தவளுக்கு வெட்கமாம்!

என் கதையைக் கேள். எனக்கு இது 35-ஆவது வாரம். போன வாரம் படியிறங்கும்போது யோனிக்குள் சுரீரென்று ஒரு குத்து. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டேன். சில நொடிதான், அப்புறம் இருந்த சுவடே இல்லை. ராத்திரி புரண்டு படுத்தபோது மறுபடியும். வலி எடுத்துவிட்டதோ என்று பயந்துபோய் டாக்டரிடம் ஓடினேன். குழந்தையின் தலை கீழே இறங்கி இடுப்புக்குள் இருக்கும் நரம்புகளை அழுத்துகிறது, கடைசி மாதங்களில் பலருக்கும் வரும், வந்த வேகத்தில் போய்விட்டால் பயமில்லை என்றார். ஒழுங்கான இடைவெளியில் வந்து வரவரக் கூடினால்தான் கவனிக்க வேண்டுமாம். 37 வாரத்துக்கு முன் அப்படி வந்தால் உடனே வந்துவிடச் சொன்னார்.

எனக்குக் கோபம்தான் வந்தது. வாந்தி வரும், கால் வீங்கும் என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். இதை ஒருத்தியாவது சொன்னாளா? பெரியக்கா மூன்று பெற்றவள். கேட்டால், "ஆமாம், எனக்கும் இருந்தது" என்கிறாள், சாவகாசமாக!

அந்தக் கோபத்தில் மிச்சம் மீதி எல்லாவற்றையும் கேட்டுவிட்டேன். அந்த இடம் கனப்பதும், நீலம் பாய்ந்த மாதிரி நிறம் மாறுவதும் ரத்த ஓட்டம் கூடுவதால். ரத்த நாளங்கள் புடைத்துக்கொள்வதும் உண்டு, பெரும்பாலும் பிரசவத்துக்குப் பிறகு அடங்கிவிடும். வெள்ளைப்படுதல் அதிகமாவதற்கு ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் காரணம். மெல்லிசாக, அரிப்போ கெட்ட வாடையோ இல்லாமல் இருந்தால் கவலை வேண்டாம்.

உன்னுடையதுதான் எனக்கு உதைக்கிறது. திரிந்த பால் மாதிரி கட்டி கட்டியாக, அரிப்போடு வந்தால் பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம். கர்ப்பத்தில் அது சாதாரணம். உள்ளே வைக்கும் க்ளோட்ரிமசோல் மாத்திரை கொடுப்பார்கள். ஆனால் வாய்வழி சாப்பிடும் ஃப்ளூகோனசோலைக் கர்ப்பிணிகளுக்குப் பொதுவாகத் தவிர்ப்பார்கள். அவர் வாங்கி வந்தது எது? முதலில் அட்டையைப் பார். சாம்பல் நிறமும் மீன் வாடையும் இருந்தால் அது பாக்டீரியாவாக இருக்கலாம், அதற்கு மருந்தே வேறு. குறைமாதப் பிரசவத்தோடு அதற்குத் தொடர்பு உண்டு, அதனால் அதைச் சும்மா விடக்கூடாது. இதையெல்லாம் கடைக்காரர் எப்படிக் கண்டுபிடிப்பார்? சர்க்கரையும் பார்க்கச் சொல். அது ஏறியிருந்தால் பூஞ்சை திரும்பத் திரும்ப வரும்.

அதுவரை சோப்பு, வாசனைத் திரவம் என்று எதையும் உள்ளே விட்டுக் கழுவாதே. உன் சுத்தப் பைத்தியம் எனக்குத் தெரியாதா! ரத்தம் பட்டாலோ, அடக்க முடியாமல் தண்ணீராகக் கசிந்தாலோ, குழந்தையின் அசைவு குறைந்தாலோ விடியட்டும் என்று காத்திருக்காதே, ராத்திரியே கிளம்பு. ஏழாம் மாதம்டி, விளையாட்டில்லை.

நாளைக்கே போ. அவரை வெளியே உட்காரவைத்துவிட்டு நீயே வாயைத் திறந்து சொல். என்ன மருந்து கொடுத்தார்கள் என்று எனக்கு எழுது.

உன்,
மல்லி